அடிமரத் துண்டு

— காந்தம் ஒண்ணு வச்சிப் பாத்துடலாம் அண்ணாத்தே. அஞ்சி நிமிஷம்தான் ஆவும். அப்பால ரம்ப மெசினப் போடு.

— என்னத்துக்கு மக்கா? இது நான் வச்ச மரம். நாகர்கோவில்லேருந்து ரயில்ல மடியில வச்சுக் கொண்டாந்த பலாக்கன்னு. இதுக்குள்ள இரும்பு கெடயாது, கேட்டியா.

— அதுக்கு இல்ல. பழைய ஸ்பீக்கர் காந்தம் என் ஆட்டோலயே கீது. நூல்ல கட்டி ஒரு தபா மேலால காட்டிக்கினு போனா...

— உத்தமா, முப்பத்தஞ்சு வருஷம் பாக்டரில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன் நான். மயிரிழை வெடிப்பு கண்ணுல பட்டாலும் திருப்பி அனுப்பிருவேன். இந்த அருள்தாஸுக்குத் தெரியாதா, அவன் மரத்துல என்ன இருக்கு, என்ன இல்லன்னு?

— சரி வுடு, நீ சொன்னா கரீட்டு. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. நேத்து அடிமரத்துல மூணு அடி வெட்டித் தனியாப் போட்டியே, அது இன்னாத்துக்கு? நல்லா உருண்டையாத்தானே இருந்திச்சி? அத்தையும் சேத்து அறுத்தா பத்தடிப் பலகை வந்திருக்குமே.

— அதுல வெடிப்பு.

— வெடிப்பா? நான் பாக்கலியே.

— நீ பாக்காட்டி வெடிப்பு இல்லாமப் போயிருமா? அத விடு. டிரிப் பாட்டில்ல தண்ணி இருக்கான்னு பாரு.

— கீது, கீது. ஆஸ்பத்திரில பேஷண்ட்டுக்குப் போடுற பாட்டில ரம்பத்துக்குப் போட்டுக்கினு கீற ஒரே ஆளு ஆவடியிலயே நீதான்.

— ரம்பம் சூடாகப்படாது மக்கா. சொட்டுச் சொட்டா விழணும். பலாவுல பால் ஜாஸ்தி, தண்ணி இல்லன்னா பிசின் ஏறி ரம்பம் நெளிஞ்சுரும். பொறவு பலக நேரா வராது.

— இருங்க, இருங்க, மெசினப் போடாதீங்க! கொடியில இருக்கிற துணிய எடுத்துக்கிறேன். போன வாரம் தூள் ஒட்டின சட்டையப் போட்டுக்கிட்டு ஆராதனைக்கு வந்து, பிரசங்கம் முழுக்க முதுகச் சொறிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. சர்ச் கமிட்டி மெம்பர்! என்னால தலை நிமிர முடியல.

— எடுத்துக்க ஜெயா. இன்னைக்கு நல்லா தூள் பறக்கும்.

— சந்தோஷமாத்தான் சொல்றீங்க. உத்தமா, நீயே பாரு. இருக்கிறதே இருபதுக்குப் பதினஞ்சு அடி எடம். அதுல கொய்யா மரம் போச்சு. என் துவைக்கிற கல்ல நகத்தி பாத்ரூம் வாசல்ல போட்டாச்சு. இப்ப தண்டவாளம் மாதிரி ரெண்டு இரும்பு, அது மேல ரெண்டு மாருதி கார் சக்கரம், ஒரு மோட்டாரு. ரிட்டயர் ஆன மத்த ஆம்பளைங்க வாக்கிங் போறாங்க, சர்க்கரை டெஸ்ட் எடுக்கிறாங்க. இவரு மரம் அறுக்கிற மில்லு வைக்கிறாரு.

— மில்லு இல்லக்கா, பொழுதுபோக்கு. அண்ணாத்தே போன்ல வீடியோ பாத்துப் பாத்து தானே வெல்டு வச்சி செஞ்சிக்கிறாரு. நம்ம கோவில்பதாகையில யார் ஊட்ல கீது இந்த மாதிரி?

— நீ இவருக்கு ஜால்ரா போட்டுக்கிட்டே இரு.

— பேச்ச நிறுத்துங்க ரெண்டு பேரும். உத்தமா, அந்தக் கோடியில நில்லு. நான் தள்ளிக்கிட்டே வருவேன், பலக நுனிய நீ தாங்கிக்கணும். ரம்பத்துக்குக் கிட்ட கை போவப்படாது. நான் 'ஆப்'ன்னு சொன்னா அந்தச் சுவிட்ச அமுக்கணும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்.

— போடு அண்ணாத்தே. முருகா!

— எங்க வீட்டுல வந்து முருகாங்கியே.

— என் வாயி, என் சாமி. நீ தள்ளு.

— தள்ளுறேன்... மெதுவா... பாத்தியா, வெண்ணெய்ல போற மாதிரி... பிடி, பிடி, பலக வருது!

— வந்திச்சி, வந்திச்சி! வுட்டா கால்ல வுழுந்திருக்கும். ஆப் பண்ணவா?

— பண்ணு.

— யப்பா! உள்ள பாரு அண்ணாத்தே, மஞ்சத்தூளக் கொட்டுன மாதிரி கீது! அக்கா, இங்க வந்து பாரேன்!

— ஆமா, நல்லாத்தான் இருக்கு. இது என்ன, ஒரு பக்கம் பட்டையோட இருக்கு?

— இது மேல்தோல் மாதிரி, ஜெயா. மொதப் பலக எப்பவும் பட்டையோடதான் வரும். மேல தட்டையாயிட்டுல்லா, இனிமேதான் நல்ல பலக. இப்ப ஒண்ணரை இஞ்சு வைக்கப் போறேன். ஊஞ்சப் பலகைக்கு ஒண்ணரை வேணும்.

— ஊஞ்சலா? யாருக்கு, நம்ம ரெனிதா பாப்பாவுக்கா?

— வேற யாருக்கு? நசரத்பேட்டை வீட்டுல கொக்கி ரெண்டும் மாட்டியே வச்சிருக்கா. மழையில பலா விழுந்துட்டுன்னு போன்ல சொன்னேன் பாரு, 'டாடி, அத விறகுக்குக் குடுத்துராதீங்க, எனக்கு ஊஞ்சல் பலகை வேணும்'னா. அதுக்காவத்தான் மக்கா இந்த மெசினே. ஒரே பலக, ஒட்டு இல்லாம, ஓட்ட இல்லாம. இந்த மரத்துல அந்த அகலத்துக்கு நடுவுல ஒண்ணு ரெண்டுதான் தேறும்.

— அவ கேட்டது ஒம்பது மாசத்துக்கு முன்னாடிங்க. அப்ப அவ இந்த வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தா.

— ஜெயா, ஆரம்பிக்காத.

— ஆமாக்கா, நானும் பாத்துக்கினுதான் கீறேன். பாப்பாவும் மாப்ள ஜாக்சனும் வண்டில வந்து எத்தினி நாளாச்சி? இன்னா மேட்டரு?

— வெளிய பேசுற சோலி இல்ல மக்கா அது.

— பக்கத்து வீட்டு உத்தமன் வெளியாளா? நீங்க நைட் ஷிப்ட்ல இருந்தப்ப எனக்கு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே இவனும் இவங்கம்மாவும்தான். நான் சொல்றேன் உத்தமா. ரெனிதாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. ரெண்டு தடவை உண்டாயி, ரெண்டும் தங்கல.

— அய்யய்யோ. இத்த யாரும் சொல்லலியேக்கா.

— எப்படிச் சொல்றது? ஜாக்சன் அம்மா ஆர்.சி. 'வேளாங்கண்ணிக்குப் போயி ஒரு தொட்டில் கட்டிட்டு வருவோம்மா'ன்னு கூப்பிட்டாங்க. இவளும் சரின்னுட்டா. எனக்குப் போன் போட்டு, 'மம்மி, நீயும் வா, நீ பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்'னா. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. இவரு கேட்டுட்டாரு.

— கேட்டேன். என் மனசுல பட்டதச் சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். மரத்துல பொம்மத் தொட்டில் கட்டுனா புள்ள வந்துருமா? நாம சி.எஸ்.ஐ. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணணும், நல்ல டாக்டரப் பாக்கணும், அவ்வளவுதான். நூல் கட்டுறது, தொட்டில் கட்டுறது, இதெல்லாம் என் வீட்டுல என்னைக்கும் கெடயாது.

— அதோட நிறுத்துனீங்களா? 'கட்டிட்டு வந்து என் வீட்டு வாசல்ல கால வைக்காத'ன்னீங்களே.

— அது... ஒரு வேகத்துல வந்துட்டு.

— வேகத்துல வந்தத மெதுவாவாவது திருப்பி எடுத்துக்கலாம் இல்ல? மூணு வாரமாச்சு. நான் போன் பண்ணா, 'மம்மி, டாடி சாப்பிட்டாரா'ன்னு கேக்கிறா. வர்றியாடின்னு கேட்டா பேச்ச மாத்திடுறா. வர்ற சனிக்கிழமை கிளம்புறாங்க. நான் போகவா வேணாமான்னு இன்னும் நீங்க சொல்லல.

— போவாண்டாம்னுதான் சொல்லியாச்சே. ஞாயித்துக்கெழம அவளுக்குப் பொறந்தநாளு. பலகைய அறுத்துச் செவுத்துல சாத்தி வச்சு, ஒரு போட்டோ எடுத்து அனுப்புறேன் பாரு. வேளாங்கண்ணியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு இங்க ஓடி வந்துருவா. எம் புள்ளைய எனக்குத் தெரியும்.

— பலகையக் காட்டிக் கூப்பிடுறதுக்கு அவ என்ன சின்னப் புள்ளையா? உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும் அவளுக்கு.

— அக்கா, வுடுக்கா. மொதல்ல பலகை வரட்டும். அண்ணாத்தே, கடைசியா ஒரு தபா கேக்குறேன். காந்தம்...

— எலேய்! காலையிலேருந்து காந்தம் காந்தம்னு உயிர வாங்குத. போயி அந்தக் கோடியில நில்லு. சுவிட்சப் போடு.

— போட்டேன்.

— தள்ளுறேன்... ஆங்... அப்படியே... ஒரு அடி தாண்டியாச்சு... ரெண்டடி... மூணு... பிடிச்சுக்க... நாலு...

— அண்ணாத்தே, பொறி! பொறி வருது!

— ஆப்! ஆப் பண்ணு!

— பண்ட்டேன், பண்ட்டேன்!

— ஆண்டவரே! என்ன சத்தம் அது? கை? யாருக்காவது கை பட்டுச்சா?

— பத்து வெரலும் கீதுக்கா. அண்ணாத்தே, உனக்கு?

— எனக்கு ஒண்ணும் இல்ல. சவத்த, இரும்பு சத்தம்லா அது! தூக்கு, ரம்பத்த மேல தூக்கு... பாரு, பல்லு பத்துப் பன்னெண்டு போயிட்டு. புது ரம்பம்!

— போனா போவுது, ரம்பம் வாங்கிக்கலாம்.

— பலக? பலகைய வாங்க முடியுமா? அந்த மர ஆப்ப இதுக்குள்ள தட்டித் தூக்கு. இன்னும்... ஆங். அங்க பாரு.

— கருப்பா கீது.

— இரும்புத் துரு ஏறுன கறை. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு ஆணி! நாலு வெரல் எடவெளியில, குறுக்க வரிசையா. நட்ட நடுப் பலகையில! ஜெயா, அந்த ஸ்கேலக் கொண்டா.

— இப்ப ஸ்கேல் எதுக்குங்க? வந்து தண்ணி குடிங்க முதல்ல.

— கொண்டான்னா கொண்டா. பாரு... பட்டையிலேருந்து ஆணித் தலை நாலே கால் இஞ்சு உள்ள இருக்கு. மரம் அத முழுங்கி அது மேல நாலு இஞ்சு வளந்திருக்குன்னா, இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கொறையாது. நேத்துக் கழிச்ச அடித்துண்டு மூணடி, இது நாலடி. ஏழடி ஒசரத்துல அடிச்சிருக்கான். அதுவும் என் பக்கம் இல்ல, ஒங்க சுவர்ப் பக்கம். ஒங்க பக்கத்துலேருந்து ஸ்டூல் போட்டு ஏறி எவனோ என் மரத்துல ஆணி அடிச்சிருக்கான், உத்தமா.

— ரம்பத்தக் கயட்டிடவா அண்ணாத்தே?

— என்ன மக்கா, மொகத்த அந்தப் பக்கம் திருப்புத?

— நாந்தான் அண்ணாத்தே.

— நீயா?

— ஆமா. அப்ப சின்ன வயசு. துணிக்கொடி கட்டுறதுக்கு அடிச்சேன்.

— ஏழடி ஒசரத்துல துணிக்கொடியா? ஒங்கம்மா பொன்னம்மா நாலே முக்கால் அடிதான இருப்பா. ஏணி வச்சா துணி காயப் போட்டா?

— இல்ல, இல்ல, கொடி இல்ல. மறந்துட்டேன். மன்றத்து போர்டு. ரசிகர் மன்றம் வச்சிருந்தோம்ல, அந்த போர்ட மாட்டுறதுக்கு.

— ரெண்டு வீட்டுக்கும் பின்னால, ஒரு காக்கா கூட பாக்காத எடத்துல மன்றத்து போர்டா? எவன் வந்து படிக்கதுக்கு?

— ஏதோ ஒண்ணு. அடிச்சேன், அவ்ளோதான். என்ன வேணா பண்ணிக்கோ.

— அப்ப உனக்குத் தெரியும். அதான் காந்தம் காந்தம்னு சொல்லிருக்க! தெரிஞ்சுக்கிட்டே வாயத் தொறந்து சொல்லாம, ரம்பம் போயி அதுல முட்டுத வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னிருக்க. ரம்பம் அறுந்து தெறிச்சிருந்தா உன் கழுத்துலயோ என் கழுத்துலயோ விழுந்திருக்கும். ஒரு பலக, என் புள்ள கேட்ட ஒரே பலக! முப்பது வருஷமா சொந்தத் தம்பி மாதிரி நெனச்சேன் உன்ன. போ உத்தமா. இனிமே இந்தச் சுவரத் தாண்டி என் வாசல்ல கால வைக்காத.

— சரி அண்ணாத்தே. போறேன்.

— நில்லு உத்தமா! எங்க போற? என்னங்க இது, அதே வார்த்தை! பொண்ணுக்கும் இதே, அவனுக்கும் இதே. உங்க வாசல்ல கடைசியா யாருதான் கால வைக்கிறது? அவன் அடிக்கல அந்த ஆணிய.

— அக்கா, நீ சொம்மா இரு. எங்கம்மாவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துக்கீறேன்.

— உங்கம்மா போயி பதினோரு வருஷம் ஆச்சுப்பா. அந்தச் சத்தியத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நான் அடிச்சேங்க.

— நீயா? ஆணியா?

— ஆமா. தொண்ணூத்தேழுல. நமக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆயிருந்துச்சு. உங்க வீட்டு ஆளுங்க வந்தா என் முகத்தப் பாக்க மாட்டாங்க, வயித்தத்தான் பாப்பாங்க. வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை போயிட்டு வருவோம்னு உங்க கால்ல விழாத குறையா கேட்டேன். இன்னைக்கு ரெனிதாவுக்குச் சொன்னீங்களே, அதையே எனக்குச் சொன்னீங்க. ஒரு எழுத்து மாறல.

— ஜெயா...

— இருங்க, நான் முடிச்சிடுறேன். சுவரோரமா நின்னு அழுதுக்கிட்டிருந்தேன். பொன்னம்மாக்கா பாத்துட்டு, 'எதுக்கும்மா அவ்ளோ தூரம் போற, உன் ஊட்லயே மரம் கீது, அதுல கட்டு, கேக்கணும்னு இருந்தா சாமி இங்க இருந்தாலும் கேக்கும்'னாங்க. நீங்க பகல் ஷிப்ட் போற நாளாப் பாத்து மூணு வெள்ளிக்கிழமை. உத்தமனுக்கு அப்ப பதினேழு வயசு, ஸ்டூல ஆடாம புடிச்சிக்கிட்டான். மூணு ஆணி, மூணு சின்னத் தொட்டில். என் கல்யாணப் பொடவை முந்தானையில கிழிச்ச துணி. நம்ம ஆண்டவர்கிட்ட ஜெபம் பண்ணிக்கிட்டேதான் அடிச்சேன், வேற யாரையும் கூப்பிடல. ஏழடிக்கு மேல, அந்தப் பக்கமாப் பாத்து அடிச்சதுக்குக் காரணமே நீங்கதான். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு.

— அம்மா செத்துப்போற அன்னிக்குக் கூட கேட்டுச்சி அண்ணாத்தே, 'அக்கா விஷயத்த யார்கிட்டயும் ஒளறலியே'ன்னு. நான் இன்னா பண்ணுவேன்? ஆணி கீதுன்னு சொன்னா யாருதுன்னு கேப்ப. அதான் காந்தத்த வச்சி நீயே கண்டுபுடிக்கட்டும்னு பாத்தேன்.

— அடுத்த வருஷம் ரெனிதா பொறந்தா. ஆணியாலயா, ஜெபத்தாலயா, அந்த டாக்டரம்மா மாத்திரையாலயா, எனக்குத் தெரியாது. எனக்கு அப்ப எதையாவது கையால செய்யணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான். அதே மாதிரிதான் இன்னைக்கு அவளுக்கும் இருக்கு. இப்பச் சொல்லுங்க. என்னையும் வாசல்ல கால வைக்காதன்னு சொல்லுங்க. நான் இப்பவே நசரத்பேட்டைக்குப் பஸ் ஏறிடுறேன்.

— எத்தன ஆணி அடிச்ச?

— அதான் சொன்னேனே, மூணு.

— மூணேதானா? யோசிச்சுச் சொல்லு. கீழ எங்கயும் அடிக்கலியே?

— மூணேதான். உத்தமன் இருக்கான், கேளுங்க.

— மூணுதான் அண்ணாத்தே. நான் எண்ணிக் குடுத்தது.

— உத்தமா, கோவத்துல சொன்னத மனசுல வைக்காத மக்கா. ஒரு கை பிடி. நேத்துக் கழிச்ச அந்த அடித்துண்ட உருட்டிக் கொண்டா.

— வெடிப்புன்னியே, அதுவா?

— அதுதான். நிமித்து வையி. இந்த ஆப்ப இங்க வச்சு சுத்தியலால போடு. இங்க இல்ல, இந்தப் பக்கம், துவைக்கிற கல்லு கெடந்த பக்கம். ஆங். ரெண்டு போடு.

— பொளந்துக்கிச்சி... அய்ய, வெடிப்பே இல்ல, மரம் சூப்பரா கீது... அண்ணாத்தே! இங்கயும் ஒண்ணு கீது!

— என்னது?

— ஆணிக்கா. ஆனா துரு இல்ல. பித்தளை. இது கடையில விக்கிற ஆணி இல்ல, லேத்துல கடைஞ்சது. தலையில மோதிரம் மாதிரி வளையம் கீது, நூல் கட்டுறதுக்குத் தோதா.

— இது நான் அடிச்சது இல்லைங்க. சத்தியமா இல்ல. இது முழங்கால் ஒசரத்துல இல்ல இருக்கு? கல்லுக்குப் பின்னாடி குத்த வச்சுக்கிட்டு யாரு இதப்போயி... இருங்க. அந்த வருஷம்தான நீங்க துவைக்கிற கல்ல மரத்தோட ஒட்டிப் போட்டீங்க? தண்ணி மரத்துக்குப் போகும்னு சொல்லி? நான் கூட எதுக்குங்க, துணி அலச எடம் பத்தலன்னு சண்ட போட்டேனே.

— போட்ட.

— அப்ப... லேத்துல கடையிறதுக்கு இந்தத் தெருவுல வேற யாரு...

— அதான் காந்தம் வாணாம்னியா அண்ணாத்தே?

— மரத்துக்குள்ள ஒரே ஒரு ஆணிதான் இருக்குன்னு நெனச்சேன் மக்கா. அத நேத்தே கழிச்சுட்டமே, பொறவு காந்தம் என்னத்துக்குன்னு இருந்துட்டேன்.

— என்னங்க...

— ரெனிதாவுக்குப் போனப் போடு ஜெயா. சனிக்கெழமைக்கு எனக்கும் சேத்து டிக்கெட் எடுக்கச் சொல்லு. தொட்டில் கடையில வாங்காண்டாம், இந்தத் துண்டுலயே நான் செஞ்சு தாறேன்னு சொல்லு.

— நீங்களே சொல்லுங்க. இந்தாங்க, ரிங் போகுது. ஆனா ஒண்ணு கேக்குறேன். இதச் சொல்றதுக்கு இருபத்தெட்டு வருஷமா உங்களுக்கு?

— நீ மட்டும் சொன்னியா? இருபத்தெட்டு வருஷமா, என் ஒரு ஆணியாலதான் அவ பொறந்தான்னுல்லா நான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.